இ-ரீடர் வாங்கும் முன் பைலைப் பாருங்கள்

வேலூர்ப் பக்கம் இ-ரீடர், அதாவது மின்நூல் படிப்பதற்கென்றே வரும் கருவி, வாங்குகிறவர்களில் பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்தான் வாங்குகிறார்கள். போன் என்றால் ஆபீசர்ஸ் லைனில் நாலு கடை ஏறி இறங்கி, கையில் பிடித்துப் பார்த்து, எக்சேஞ்ச் விலை பேசி வாங்கலாம். இ-ரீடருக்கு அந்த வசதி அநேகமாக இல்லை, அதனால் யூடியூப் பார்த்து முடிவு செய்கிறோம். அங்கே பேசுகிறவர் ஆங்கில நாவல் படிக்கிறவர். அவருக்கு எந்த ரீடரை எடுத்தாலும் புத்தகம் கிடைத்துவிடும், ஆகவே திரை எத்தனை அங்குலம், பேட்டரி எத்தனை வாரம், கவர் என்ன நிறம் என்று பேசிவிட்டுப் போய்விடுவார். தமிழ் படிக்கிறவர் அதே வரிசையில் யோசித்தால் 17,000 ரூபாயைக் கொடுத்து வாங்கியதை இரண்டு மாதத்தில் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான். நாம் முதலில் கேட்க வேண்டியது வேறு. நான் படிக்கப் போகிற புத்தகங்கள் எங்கே இருக்கின்றன, என்ன பைலாக இருக்கின்றன? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த அளவு, எந்தக் கம்பெனி என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

தமிழ் மின்நூல்கள் நமக்கு மூன்று வழியில் வருகின்றன. முதலாவது, காசு கொடுத்து வாங்குவது. 2016 இறுதியில் அமேசான் தன் ரீடரான கிண்டிலில் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளுக்கு இடம் கொடுத்தது. அதற்குப் பிறகு தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் அங்கே போய்ச் சேர்ந்தன. இன்று புது நாவல், கட்டுரைத் தொகுப்பு, குடும்ப நாவல், துப்பறியும் கதை என்று சட்டப்படி விலைக்குக் கிடைக்கும் தமிழ் மின்நூல்களில் பெரும்பகுதி கிண்டில் கடையில்தான் இருக்கிறது. எனக்கு இது பிடித்த நிலைமை இல்லை, ஒரே கடையை நம்பி ஒரு மொழி இருப்பது யாருக்கும் நல்லதில்லை. ஆனால் அதுதான் நிலைமை.

இரண்டாவது, இலவசமாகவும் முறையாகவும் கிடைப்பவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டுக் கதைகள் வரை தன்னார்வலர்களைக் கொண்டே தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியதால் அவையும் தாராளமாகக் கிடைக்கின்றன. நாட்டுடைமை ஆகாதவர்களுக்குச் சட்டம் எளிது: எழுத்தாளர் இறந்த பின் 60 ஆண்டு வரை உரிமை அவர் வாரிசுகளுக்கு, அதன் பிறகு எல்லோருக்கும் பொது. இன்றைய எழுத்தாளர்கள் தாங்களே விரும்பி கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமத்தில் கொடுத்த நூல்கள் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் 2013 முதல் வருகின்றன. அங்கே ஒரே புத்தகத்தை இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். சின்னத் திரைக்கென்று தனி பிடிஎஃப் போட வேண்டும் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதிலேயே தெரிகிறது, அவர் நிஜமாக ரீடரில் தமிழ் படித்துப் பார்த்த ஆள் என்று.

மூன்றாவது, ஸ்கேன் செய்த பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்க்கும் நூலகம் திட்டம் இரண்டிலும் அச்சில் இனி வரவே வராத புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. பழைய இதழ்த் தொகுப்பு, தல புராணம், சித்த மருத்துவ நூல், எழுபது எண்பது வருடத்துக்கு முந்தைய உரைநூல் என்று தேடுகிறவர்களுக்கு அது ஒரு புதையல். அவை எல்லாம் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்தவை.

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இபப் போன்ற பைலில் இருப்பது எழுத்து. நீங்கள் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடிந்து திரைக்கு ஏற்ப அமைந்துகொள்ளும். ஸ்கேன் பிடிஎஃபில் இருப்பது படம். பெரிதாக்கினால் பக்கம்தான் பெரிதாகும், வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும், விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியதுதான். காந்தி நகரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் படிப்பது முழுக்க இந்த மூன்றாவது வகைதான். 6 அங்குல கிண்டில் ஒன்று தள்ளுபடியில் வருகிறது என்று கேள்விப்பட்டு, "தம்பி, இதுல பழைய புத்தகமெல்லாம் ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடும் சார். ஆனா உங்களால படிக்க முடியாது."

"ஏன், போன மாசம்தானே கண்ணாடி மாத்தினேன்?"

"கண்ணாடி இல்ல சார், திரை சின்னது."

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நம் ஊர்ப் புத்தகங்களில் பெருவாரியானவை டெமி அளவு, ஏறக்குறைய 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். 6 அங்குலத் திரை என்பது மூலைக்கு மூலை அளந்தது. அகலமும் உயரமும் பார்த்தால் 9 செ.மீ., 12 செ.மீ.தான் வரும். முழுப் பக்கத்தை அதற்குள் அடைத்தால் நூற்றுக்கு 57 ஆகச் சுருங்குகிறது, 11 பாயிண்ட் எழுத்து 6 பாயிண்டுக்கு வந்து நிற்கிறது. 7 அங்குலத்தில் 66, 7.8 அங்குலத்தில் 74, 10.3 அங்குலத்தில் 97. அதாவது ஸ்கேன் புத்தகத்தை அச்சில் இருந்த அளவிலேயே படிக்க வேண்டுமென்றால் 10 அங்குலத்துக்குக் குறைந்து எதுவும் சரிப்படாது. இதை வாங்காமலேயே சோதிக்கலாம்: லேப்டாப்பில் அந்த பிடிஎஃபைத் திறந்து, ஒரு ஸ்கேலைத் திரையில் வைத்து, பக்கத்தின் உயரம் 12 செ.மீ. வரும் வரை சிறிதாக்குங்கள். அப்புறம் ஒரு அடி தள்ளி உட்கார்ந்து பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். படிக்க முடிந்தால் வாங்கலாம்.

ஏற்கெனவே சின்ன ரீடர் வீட்டில் இருக்கிறது என்றால் முழுக்கக் கைவிட வேண்டாம். ரீடரைப் படுக்கை வாட்டத்தில் திருப்பிவிட்டால் 12 செ.மீ. பக்கம் அகலமாகிவிடும், ஒரு பக்கத்தை மேல், நடு, கீழ் என்று பிரித்துப் படிக்கலாம். ஓரத்து வெள்ளை இடத்தை வெட்டிவிட்டால் எழுத்து இன்னும் கொஞ்சம் பெருகும். கேஓரீடர் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையை நன்றாகச் செய்கிறது. கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு ரீடர்களில் அதைப் போட்டுக்கொள்ளலாம். சரி, ஸ்கேனையே எழுத்தாக மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். புது அச்சுக்கு ஓரளவு வருகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, லை, னை எல்லாம் பழைய கொம்பு, சுழியோடு இருக்கும், ஈய எழுத்து தேய்ந்து புள்ளியும் விழுந்திருக்காது, மென்பொருள் அதைக் கண்டபடி படித்துவைக்கும். ஒரு பக்கம் திருத்துவதற்குள் நாலு பக்கம் ஸ்கேனிலேயே படித்துவிடலாம்.

இப்போது திரைக்கு வருவோம். இ-ரீடர் என்றாலே இ-இங்க் திரை என்கிறோம், அந்த இ-இங்க் என்பது ஒரு கம்பெனியின் பெயர். அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து 1997இல் கிளம்பி, 2009இல் தைவான் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறியது. திரைக்குள் முடிக்கனத்தில் நுண்ணிய குமிழ்கள், குமிழுக்குள் தெளிந்த திரவம், அதில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். வந்தது வந்த இடத்தில் நின்றுவிடும் என்பதுதான் இதில் விசேஷம். வாசலில் போட்ட கோலத்துக்கு யாரும் காவல் நிற்க வேண்டியதில்லை, அழித்து மறுபடி போடும்போதுதான் வேலை. இந்தத் திரையும் பக்கம் புரளும்போது மட்டும்தான் மின்சாரம் கேட்கிறது. பேட்டரி வாரக்கணக்கில் வருவதற்கு இதுதான் காரணம். ஆனால் பெட்டியில் 12 வாரம் என்று போட்டிருந்தால் அது ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படிக்கிறவருக்குப் போட்ட கணக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தினம் மூன்று மணி நேரம் படித்தால் இரண்டு வாரம் வரும், அதுவும் போதுமே.

போன் திரை தானே ஒளிவிட்டு நம் கண்ணுக்குள் அனுப்புகிறது. இ-இங்க் காகிதத்தைப் போல வெளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து படிக்கும்போது வித்தியாசம் தெரியும், வெளிச்சம் கூடக்கூட எழுத்து தெளிகிறது. இரவுக்கு, திரையின் ஓரத்தில் இருக்கும் சின்ன எல்இடிகள் மேல்பரப்பில் ஒளியைப் பரப்புகின்றன. இதில் வெள்ளை ஒளி மட்டும் கொண்டவை உண்டு, மஞ்சளாக மாற்றிக்கொள்ளும் வசதி கொண்டவை உண்டு. வீட்டில் படிக்கிறவர் இந்த மஞ்சள் ஒளிக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பேன், ஏனென்றால் வீட்டுப் படிப்பு பெரும்பாலும் ராத்திரிப் படிப்பு, பக்கத்தில் இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார், அறை விளக்கைப் போட முடியாது. கரண்ட் போனாலும் படிப்பு நிற்காது. கண்ணுக்கு இது மருந்து என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண் எரிகிறது, நீர் வருகிறது, எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்றால் போக வேண்டிய இடம் ஷெல் கண் ஆஸ்பத்திரி, அமேசான் இல்லை.

எழுத்தின் துல்லியம் பற்றி ஒரு எண் போட்டிருப்பார்கள், அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று. 300 இருந்தால் போதும், அதற்குக் குறைந்தால் வேண்டாம். 2019இல் வந்த அடிப்படைக் கிண்டிலில் 167தான். ஆங்கில எழுத்துக்கு அது ஒப்பேறும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியே ஒரு மண் துகள் அளவுக்குத்தான் இருக்கிறது, 'கி'க்கும் 'கீ'க்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழி. 167இல் அவை மங்கிப்போய் கண் ஊகித்து ஊகித்துப் படிக்கும், அரை மணியில் அலுத்துவிடும். 2022 முதல் வந்த அடிப்படைக் கிண்டில்கள் 300க்கு வந்துவிட்டன. கலர்த் திரையிலும் இதே எண்ணைப் பாருங்கள்: இப்போது பரவலாக வரும் கலைடோ 3 திரையில் கறுப்பு எழுத்துக்கு 300, வண்ணத்துக்கு 150; வண்ண வடிகட்டி ஒன்று மேலே உட்கார்ந்திருப்பதால் வெள்ளையும் கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், விளக்கை எப்போதும் போட்டே வைக்க வேண்டியிருக்கும். குழந்தைகளுக்குப் படக்கதை என்றால் யோசிக்கலாம். நாவல் படிக்க வண்ணம் எதற்கு?

அளவு விஷயத்தில் நம் மொழிக்கே உரிய இன்னொரு சங்கடம் இருக்கிறது. தமிழில் சொற்கள் நீளம். 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்துவிட்டால் 6 அங்குலத் திரையில் அதுவே ஒரு வரி. வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக வைப்பார்கள், வரிக்கு மூன்று சொல் நிற்கும், இரண்டு ஓரமும் நேராக வர வேண்டும் என்று ரீடர் அந்த மூன்று சொல்லையும் இழுத்துப் பிடித்து நடுவில் பெரிய பெரிய ஓட்டை விடும். செட்டிங்ஸில் இடது ஓரம் மட்டும் நேராக இருக்கும்படி மாற்றிவிட்டால் ஓட்டை போய்விடும். ஆனாலும் 7 அங்குலமும் அதற்கு மேலும் தமிழுக்கு நல்லது. பயணத்துக்கு என்றால் சட்டைப் பையில் நுழைகிற 6 அங்குலம்; காட்பாடியிலிருந்து சென்னைக்குத் தினம் ரயிலில் போய் வருகிறவருக்கு அதுதான் சரி. நாம் பேசுவது வீட்டைப் பற்றி. வீட்டில் எடையைப் பார்க்க வேண்டியது ஒரே ஒரு காரணத்துக்காக, மல்லாந்து படுத்துப் படிக்கிறவரா நீங்கள் என்பதற்காக. 2024 அடிப்படைக் கிண்டில் 158 கிராம், அதே கம்பெனியின் 7 அங்குல பேப்பர்வைட் 211 கிராம், 2022இல் வந்த 10.2 அங்குல கிண்டில் ஸ்கிரைப் 433 கிராம். கடைசியாகச் சொன்னதைப் படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்தால் கால் மணி நேரத்தில் மூக்கின் மேல் விழும். ஈசிசேரில் மடியில் வைத்துப் படிக்கிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்பது தனிப் பரீட்சை. கணினிக்குள் 'பொ' என்பது 'ப' என்ற எழுத்தும் அதற்குப் பின்னால் ஒரு குறியுமாகத்தான் சேமித்து வைக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியின் பாதியை முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டியது ரீடரின் வேலை. அந்த வேலை தெரியாத ரீடரில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும், நடுவில் ஒரு புள்ளி வட்டம் வேறு முளைத்திருக்கும். இன்றைய பெரிய கம்பெனி ரீடர்களில் இது பெரும்பாலும் சரியாகிவிட்டது. பழையதும், பெயர் தெரியாத மலிவுச் சரக்கும்தான் சொதப்பும். சோதிக்க ஒரு சின்ன பைல் தயார் செய்துகொள்ளுங்கள். நம் ஊர்ப் பெயர்களே போதும்: ஸ்ரீபுரம், பொன்னை, பேரணாம்பட்டு, குடியாத்தம். கூட 'சௌக்கியம்' என்று ஒரு சொல். இவ்வளவும் ஒழுங்காக வந்தால் மிச்சமும் வரும். எழுத்துரு பிடிக்கவில்லை என்றால் கோபோவிலும் கிண்டிலிலும் உள்ளே இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் போட்டுப் பார்க்கலாம்.

இனி கம்பெனி. கிண்டிலின் பலம் கடை, பலவீனமும் கடைதான். விலைக்கு வாங்கும் தமிழ் நூல்கள்தான் உங்கள் படிப்பில் முக்கால்வாசி என்றால் சுற்றி வளைக்காமல் கிண்டில் வாங்கிவிடுங்கள். நெடுநாள் இங்கே சரியாகக் கிடைக்காமலிருந்து, 2025 ஏப்ரலில் 7 அங்குல பேப்பர்வைட் 16,999 ரூபாய்க்கு வந்தது, 300 புள்ளி, மஞ்சள் ஒளி, 16 ஜிபி எல்லாம் அதில் உண்டு. வெளியிலிருந்து எடுத்த இபப் பைலை யுஎஸ்பி வழியாகப் போட்டால் கிண்டில் கண்டுகொள்ளாது. அமேசானின் 'செண்ட் டு கிண்டில்' பக்கத்தில் ஏற்றினால் அது மாற்றி அனுப்பிவிடும், 2022 முதல் இபப்பை ஏற்கிறார்கள். இல்லையென்றால் காலிபர். கோவித் கோயல் என்ற இந்தியர் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது, உலகம் முழுக்க ரீடர் வைத்திருப்பவர்கள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். மதுரைத் திட்டத்தின் பக்கங்களை அதில் கொடுத்தால் சில நிமிடத்தில் புத்தகமாக்கித் தரும். மாற்றும்போது மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறிக்க மறக்காதீர்கள்.

கடை பலவீனம் என்றேனே, அது இதுதான். கிண்டிலில் நாம் வாங்குவது புத்தகத்தை இல்லை, படிக்கும் அனுமதியை. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்பி வந்தது, கம்பெனித் தலைவர் மன்னிப்பும் கேட்டார், அதெல்லாம் சரி, ஆனால் அழிக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி மூலம் ரீடருக்கு மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரி 26உடன் நிறுத்திவிட்டார்கள். மாதச் சந்தாவில் படிப்பவை சந்தா நின்றதும் போய்விடும், அது எதிர்பார்த்ததே. நான் சொல்வது, ஒருமுறை படித்துவிட்டு மறக்கும் நூலைக் கிண்டிலில் வாங்கலாம், பேரப்பிள்ளைக்குக் கொடுக்க நினைக்கிற நூலைக் காகிதத்தில் வாங்குங்கள்.

கோபோ, பாக்கெட்புக் இரண்டும் இபப்பை அப்படியே திறக்கும், இலவச நூல் படிக்கிறவருக்கு அவை வசதி. நம் ஊருக்கு அவை பெரும்பாலும் யாராவது கொண்டுவந்துதான் வருகின்றன. சத்துவாச்சாரியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பதால் கொண்டுவர ஆள் பஞ்சமில்லை. கெட்டுப்போனால் வாரண்டியைத் தேடி அதே பிள்ளையிடம்தான் திருப்பி அனுப்ப வேண்டும், அவர் அடுத்த தடவை எப்போது வருவாரோ.

பூக்ஸ் போன்றவை ஆண்ட்ராய்டு போட்ட இ-இங்க் டேப். இவற்றில் கிண்டில் செயலியும் ஓடும், கேஓரீடரும் ஓடும், பிரதிலிபியில் தொடர்கதை படிக்கலாம், விகடன் செயலியில் வார இதழ் பார்க்கலாம், 10.3 அங்குலத்தில் ஸ்கேன் பிடிஎஃபும் படிக்கலாம். மூன்று வகைப் புத்தகமும் கலந்து படிக்கிற வீட்டுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. தமிழாசிரியருக்கும் நான் இதைத்தான் சொன்னேன். விலை அதிகம், பேட்டரி கிண்டில் அளவுக்கு நிற்காது, செட்டிங்ஸ் ஒரு காடு. வீட்டில் யாராவது ஒருவர் முதல் நாள் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தித் தர வேண்டும். பெரியவர்களுக்கு வாங்கித் தருகிறீர்கள் என்றால் தேவையில்லாத செயலிகளை எல்லாம் எடுத்துவிட்டு, புத்தக ஃபோல்டர் ஒன்றை மட்டும் முகப்பில் வைத்துக் கொடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஊரே பாடும் பட்டியல் வெறும் கேலி இல்லை, அந்தப் பாறை மலைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரியில் திருப்பிக் கொடுக்கின்றன. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். கிண்டில் போன்ற கருவிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கும் இயக்க வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி. பயந்துவிட வேண்டாம், மின்விசிறிக்குக் கீழே படிப்பதால் எதுவும் ஆகாது. ஆனால் காரின் டேஷ்போர்டிலும், ஸ்கூட்டர் டிக்கியிலும், மேற்கு ஜன்னல் திட்டிலும் வைத்துவிட்டுப் போகாதீர்கள், லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடுவதும் வேண்டாம்.

திரை உடைவது அதைவிடப் பெரிய கவலை. பல ரீடர்களில் இ-இங்க் படலத்துக்கு அடியில் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளே விரிசல் விடும், கட்டிலில் வைத்துவிட்டு மேலே உட்கார்ந்தாலே போதும். சிஎம்சி எதிரே இருக்கும் மொபைல் கடைகளில் போன் டிஸ்ப்ளேவை நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாற்றித் தருவார்கள், இந்தப் பேனல் அவர்களிடம் இருக்காது. வெளியில் வரவழைத்தாலும் புது ரீடர் விலைக்குப் பக்கத்தில் வரும். ஆகவே ரீடரோடு சேர்த்தே கெட்டி அட்டை போட்ட கவர் ஒன்று வாங்கிவிடுங்கள், சிலிகான் உறை மட்டும் போதாது.

இவ்வளவும் படித்துவிட்டு, எனக்கு இது தேவையா என்று கேட்டால் சிலருக்கு இல்லை என்றுதான் சொல்வேன். 16,999 ரூபாயில், புத்தகம் ஒன்று 300 ரூபாய் என்று வைத்தால் 56 புத்தகம் வாங்கலாம். வருடத்துக்கு ஐந்து ஆறு படிக்கிறவருக்கு அது பத்து வருடச் சாப்பாடு. போதாததற்கு, நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், 1948 நூலகச் சட்டம் வந்த காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகாமல் இருப்பது கட்டிய காசை விட்டுக்கொடுப்பது. வாரம் ஒரு புத்தகம் முடிக்கிறவர், வீட்டில் அலமாரி வைக்க இடமில்லாத வாடகை வீட்டுக்காரர், எழுத்தைப் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும் என்ற நிலைக்கு வந்த பெரியவர், அச்சில் கிடைக்காத நூல்களைத் தேடுகிறவர், இவர்களுக்கு ரீடர் காசுக்கு மோசம் செய்யாது. மற்றவர்கள் முதலில் போனில் கிண்டில் செயலியைப் போட்டு, இலவச மாதிரிப் பக்கங்களைப் படித்து, தங்களுக்கு வேண்டிய எழுத்தாளர்கள் அங்கே இருக்கிறார்களா என்று ஒரு மாதம் பார்க்கட்டும்.

பழையது வாங்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள், ஏனென்றால் ஆசைப்பட்டு வாங்கி அப்படியே வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறைய, விலையும் பாதிக்குப் பாதி வரும். வாங்கலாம். நேரில் போய்ப் பாருங்கள். திரையில் வரி வரியாகக் கோடு இருக்கிறதா, முழு வெள்ளைப் பக்கத்தில் கறை தெரிகிறதா, விளக்கு எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி பரவுகிறதா என்று இருட்டில் வைத்துப் பாருங்கள். முந்தைய பக்கத்தின் எழுத்து லேசாக நிழலாடினால் அது இந்தத் திரையின் சுபாவம், நாலைந்து பக்கம் புரட்டினால் போய்விடும், அதைக் குறையாகச் சொல்லி விலை குறைக்கலாமே தவிர பயப்பட வேண்டாம். உங்கள் சோதனைப் பைலைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். முக்கியமாக, விற்கிறவர் உங்கள் கண் முன்னால் தன் கணக்கிலிருந்து அந்தக் கருவியை விடுவித்து, நீங்கள் அங்கேயே உங்கள் கணக்கில் சேர்த்த பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும். "வீட்டுக்குப் போய்ப் பண்ணிக்கங்க, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சொன்னால் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.